நூற்றாறு அழைப்புகள், எடுத்தது ஒன்று

திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்து எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் நடுவில் கிடக்கும் வன்னியில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. ஒரு தூக்கம் போட்டு எழும்பும் தூரம் என்றுதான் அந்த மண்ணை அறிந்து வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்றாலும் பயணக் கட்டுரை எழுதுகிறவள் தன் அறியாமையை முதலில் இறக்கி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இந்த முறை இறங்குவதற்கு ஒரு காரணம் இருந்தது. வன்னிப் பாடசாலைகளுக்கிடையே ஒரு போட்டி. மூன்று மாணவர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஊருக்குப் பயன்படும் கணினி முறை ஒன்றைத் தாங்களே வடிவமைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவர்கள் மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டால் போதாது, அது ஓடுகிற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நடுவர் மூவரில் நான் ஒருத்தி. என் தொழில் மென்பொருளைச் சோதிப்பது. அதாவது மற்றவர்கள் கட்டியதில் எங்கே ஓட்டை இருக்கிறதென்று தேடிப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டிலும் அதே குணந்தான் என்று என் கணவர் சொல்லுவார்.

நான் பார்க்க வேண்டியது மல்லாவிக் குழுவை. அவர்கள் அனுப்பியிருந்த அறிக்கையை ரயிலில் விரித்தேன். விஷயம் இதுதான். மல்லாவியிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் உள்ளே, ஒரு குளத்தடியில் முப்பத்தைந்து வீடுகள். வெயில் காலத்தில் கிணறுகள் வற்றிவிடும். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர்த் தாங்கி பூட்டிய பவுசர் லொறி வரும். ஆனால் எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதுக்கும் வரலாம், இரண்டுக்கும் வரலாம். தவறவிட்டால் மூன்று நாளைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதனால் வீட்டுக்கொருவர் வேலைவெட்டியை விட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் பெண்.

பிள்ளைகள் ஒரு பழைய கைபேசியைப் பவுசரில் பூட்டினார்கள். பவுசர் வழியில் உள்ள பாலத்தைத் தாண்டியதும் பாடசாலைக் கணினிக்குத் தெரியும். கணினி உடனே வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்து, "பவுசர் பாலத்தைத் தாண்டிவிட்டது, அரை மணித்தியாலத்தில் வரும்" என்று பதிவு செய்த குரலில் சொல்லும். எடுக்காதவர்களை மொத்தம் மூன்று தரம் அழைக்கும்.

அருமையான யோசனை என்று நினைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே அன்றாடப் பதிவு. ஒரு நாள்: அழைப்புகள் 106, எடுக்கப்பட்டது 1. மறுமுறை: 106, 1. அதற்கடுத்த இரண்டு முறையும் அப்படியே. மாங்காய் பறிக்க ஏணி செய்து, அதைத் தென்னையில் சாத்தியிருக்கிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். 'பயன்' என்ற தலைப்புக்கு முப்பது மதிப்பெண். மூன்று போட்டேன். நான் பென்சிலால் எழுதுகிறவள் அல்ல. மாலையில் சிக்னல் இருக்குமோ இல்லையோ என்று, முதற்சுற்று மதிப்பெண்களை ரயிலில் இருந்தபடியே போட்டிக் குழுவுக்கு அனுப்பியும் விட்டேன். நேரில் பார்த்த பிறகு திருத்தலாம், ஆனால் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் திருத்த வேண்டும்.

பகல் பன்னிரண்டு. வவுனியா பஸ் நிலையத்தில் ஒரு மீன் றோல்ஸும் பாலில்லாத பிளேன்ரீயும். புரட்டாதி மாதத்து வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. மாங்குளத்துக்குக் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீற்றர். அங்கே இறங்கி மேற்கே திரும்பினால் மல்லாவிக்கு இன்னும் பதினெட்டு. இரண்டாவது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, மடியில் கோழித்தீவன மூட்டையுடன், என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மல்லாவியில ஆரின்ர வீட்டுக்குப் போறியள்?"

"சுகந்தி ரீச்சர் வீட்டுக்கு."

"ஓ, கொம்பியூட்டர் படிப்பிக்கிறவா. சந்தியில இறங்காதேங்கோ, அதுக்கு அங்கால இறங்குங்கோ. நான் சொல்லுறன்."

அவர் எனக்குச் சொல்லவில்லை. கண்டக்டருக்குச் சொன்னார், கண்டக்டர் ட்றைவருக்குச் சொன்னார், பஸ் ரீச்சர் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றது. கொழும்பில் காசு கொடுத்தாலும் இந்தச் சேவை கிடைக்காது.

மாலை நான்கு மணி. சுகந்தி ரீச்சர் நாற்பது வயதுக்குட்பட்டவர். ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார். அவித்த கச்சானை, அதாவது நிலக்கடலையை, ஒரு தட்டில் குவித்துவிட்டு, குழுவைக் கூப்பிட்டார். மூவரும் உயர்தர வகுப்பு. கஜானி தலைவி, நிரல் எழுதியவள், கேட்டால் மட்டும் பேசுவாள். நிரோசன் கேட்காமலே பேசுவான். டிலானிதான் அந்தப் பதிவு செய்த குரல். ஒரு கிழமை பழகிப் பேசினாளாம்.

உட்காருவதற்கு முன்னமே கஜானி சொன்னாள். "மிஸ், நாங்கள் விலகப் போறம்."

"ஏன்?"

"நீங்களே பார்த்திருப்பியள்தானே. நூற்றாறுக்கு ஒண்டு."

"அந்த ஒண்டும் நான்தான்," என்றார் ரீச்சர். "சோதிச்சுப் பார்க்க என்ர நம்பரையும் போட்டவை. வகுப்புக்குள்ள நிண்டு எடுப்பன்."

என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "சனங்கள் ஏன் எடுக்கேல்லை எண்டு போய்ப் பார்த்தனீங்களோ?"

"பவுசர் போற நேரம் நாங்கள் பள்ளிக்கூடத்தில, மிஸ்," என்றான் நிரோசன். "ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில போய்க் கேட்டனாங்கள். எல்லாரும் நல்லா வேலை செய்யுது பிள்ளையள் எண்டினம். தேத்தண்ணியும் தந்தவை."

"பிறகென்ன?"

கஜானி கச்சான் கோதை நசுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கட மனம் நோகக்கூடாதெண்டு அப்பிடிச் சொல்லினம். கொம்பியூட்டர் பதிவு பொய் சொல்லாதுதானே, மிஸ்."

நானும் தலையாட்டினேன். இருபது வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லி வருவதும் அதுதான். மனிதர் சொல்வதை நம்பாதே, பதிவைப் பார். இங்கே ஒரு பிள்ளை அதே வேதத்தை எனக்கே ஓதியது.

அப்போதுதான் ரீச்சர் இன்னொன்றைச் சொன்னார். பவுசரில் கைபேசியைத் தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்று, பவுசரை அனுப்பும் பிரதேச சபையின் அலுவலர் இன்னும் முடிவு சொல்லவில்லையாம். பிள்ளைகள் விலகினால் கழற்ற வேண்டியதுதான். நாளைக்கு நான் பவுசரில் போகும்போது கஜானியும் வருவாள், அதிபரிடம் அனுமதி கேட்டாயிற்று. வரும்போது கழற்றிக்கொண்டு வந்துவிடுவாள். கஜானியின் புத்தகப் பைக்குள் ஸ்குறூட்றைவர் தயாராக இருந்தது.

செவ்வாய், காலை ஒன்பதரை. பவுசரின் முன்னிருக்கையில் மூன்று பேர்: சாரதி சிவராசா அண்ணை, நடுவில் கஜானி, ஓரத்தில் நான். அண்ணைக்கு அறுபதை நெருங்கும். எந்தக் குழியில் எந்தச் சில்லை விட வேண்டும் என்று அறிந்து, ஒரு கையால் ஸ்டியறிங்கையும் மறு கையால் பேச்சையும் நடத்துகிறவர். தாரை விட்டு இறங்கியதும் செம்மண் பாதை. இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல், அதற்கப்பால் பாலை, வீரை மரங்கள் நின்ற காடு. குளத்தில் தண்ணீர் நடுவில் ஒரு தட்டளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. இதே பாதையில் மழைக்காலத்தில் தோணி விட வேண்டியிருக்கும் என்றார் அண்ணை. நம்பக் கஷ்டமாக இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே, கறுப்பு ரேப் சுற்றி, இரண்டு திருகாணி பூட்டிய தகட்டில் அந்தப் பழைய கைபேசி இருந்தது. கஜானி அதைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பத்து மணி ஐந்து நிமிடம். பாலம் தாண்டியது. ஒரு நிமிடத்தில் நிரோசன் பாடசாலைக் கணினியறையிலிருந்து அவளை அழைத்தான். அவன் குரல் எனக்கும் கேட்டது. "அடிக்கத் தொடங்கீற்று. ரீச்சரைத் தவிர ஒருத்தரும் எடுக்கினமில்லை." சற்றுப் பொறுத்து மறுபடியும். "ரெண்டாந்தரமும் இல்லையடி. விடு."

கஜானி பையைத் திறந்து ஸ்குறூட்றைவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாமல், தோல்வியிலும் படிக்க இருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பாட்டையே நானும் பாடினேன். சிவராசா அண்ணை என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார்.

பத்து முப்பத்தைந்து. ஒரு பெரிய புளியடியில் பாதை திரும்பியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சந்தி முழுக்கக் குடங்கள். நீலப் பீப்பாய்கள், வெள்ளைக் கேன்கள், எவர்சில்வர் குடங்கள், வர்ண வாளிகள், வரிசை பிசகாமல். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர். மண்வெட்டியோடு தோட்டத்திலிருந்து நேரே வந்தவர் இருந்தார். மாப் படிந்த கையோடு ஒரு பெண் நின்றாள், குசினியிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும். காத்துக் களைத்த முகம் ஒன்றுகூட இல்லை. இப்போதுதான் வந்தவர்கள்.

"ஒவ்வொரு முறையும் இப்பிடித்தானோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"இந்தப் போனைப் பூட்டின நாளிலயிருந்து இப்பிடித்தான். முந்தி வந்து கோர்ண் அடிச்சு அடிச்சு நிக்க வேணும்."

"பிள்ளையளுக்கு நீங்கள் சொல்லேல்லையோ?"

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே!" என்றபடி இறங்கிக் குழாயை இழுத்தார்.

வரிசையில் முன்னால் நின்ற பெண் கஜானியைக் கண்டு சிரித்தார். ரஞ்சி அக்கா. பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வீட்டுத் தொலைபேசி எண்களையும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். சைக்கிள் கரியரில் இரண்டு கேன் கட்டி, நாலு கிலோமீற்றர் தள்ளியிருந்த தையல் நிலையத்திலிருந்து வந்திருந்தார். தோளில் நூல் ஒட்டியிருந்தது.

கஜானி அவரிடம் போனாள். "அக்கா, போன் வந்ததோ உங்களுக்கு?"

"வந்ததே. அதுதானே வந்து நிக்கிறன்."

"பிறகேன் எடுக்கேல்லை?"

ரஞ்சி அக்கா அவளை விசித்திரமாகப் பார்த்தார். "எடுத்தா உங்கட காசெல்லே போகும், பிள்ளை? நீங்கள் படிக்கிற பிள்ளையள். மணி அடிச்சாலே பவுசர் பாலம் தாண்டீற்றெண்டு விளங்குமே. அதால வெட்டி விடுறனாங்கள்."

"எல்லாருமோ?"

"எல்லாரும்தான். முதல் நாளே கதைச்சு வைச்சனாங்கள், ஒருத்தரும் எடுக்கக்கூடாதெண்டு. நீங்கள் மூண்டு தரம் அடிக்கிறியள், பாவம், விளங்கேல்லையோ எண்டு பதகளிக்குதுகள் எண்டு நானும் மூண்டு தரம் வெட்டுறன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அழைப்பை வெட்டுவது இந்த ஊரில் பதில். 'கேட்டது, வருகிறேன், உன் காசு மிச்சம்' என்று மூன்று செய்தியை ஒரு விரலால் சொல்கிறார்கள். பிள்ளைகளும் அதே ஊர்தான். ஒருவரையொருவர் தினம் இப்படித்தான் அழைத்து வெட்டிக்கொள்கிறார்கள். ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது நினைவுக்கு வரவில்லை. 'எடுத்தது', 'எடுக்காதது' என்று இரண்டு கட்டம் மட்டும் போட்டார்கள். வெட்டியதா, அடித்து ஓய்ந்ததா என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நான். சம்பளம் வாங்குவது அதற்குத்தான். ரயிலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு மூன்று மதிப்பெண் போட்டவளுக்கு அது தோன்றவே இல்லை.

கஜானி சந்தி நடுவில் நின்று அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு நிரோசனை அழைத்தாள். அவன் மறுமுனையில் போட்ட கூச்சலில் குடத்துக்குள் தண்ணீர் விழும் சத்தமே கேட்கவில்லை.

ரஞ்சி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கஜானியின் கையிலிருந்த ஸ்குறூட்றைவரில் நின்றது.

"அதேன் கொண்டு வந்தனி? கழட்டப் போறியளோ?"

கஜானி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"முந்தியும் இப்பிடி ஆரோ வந்து ஒரு பெட்டி பூட்டினவை. படம் எடுத்தவை. பிறகு காணேல்லை. போட்டி முடிஞ்சா நீங்களும் போயிடுவியள்." அவர் குரல் உயரவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "இந்தப் போனை நம்பித்தான் நான் தையலுக்கு ஓமெண்டனான். வெட்டின உடனை சைக்கிளில வந்து அள்ளிக்கொண்டு போயிடுவன், தையல் நடத்துற அம்மாவும் விடுறா. போன் நிண்டா ரெண்டு நாளும் நான் வீட்டில இருக்க வேணும். ரெண்டு நாள் வராத ஆளை ஆர் வைச்சிருப்பினம்?"

கஜானி ஸ்குறூட்றைவரைப் பைக்குள் போட்டாள். "கழட்டமாட்டன், அக்கா," என்றாள். அதற்குமேல் வாக்குக் கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. எனக்கும் இல்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

பகல் இரண்டு மணிக்கெல்லாம் கணினியறையில் இருந்தோம். கஜானி நிரலில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்தாள். 'வெட்டியது: செய்தி கிடைத்தது.' வெட்டியவரை மறுபடி அழைக்கக் கூடாது. வெட்டியதா, ஓய்ந்ததா என்ற குறிப்பு கணினிக்குள் முன்னமே கிடந்தது; சின்னத் திருத்தம்தான். பழைய பதிவுகள் நான்கையும் புதிதாக ஓட விட்டதும் முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து, முப்பத்துநான்கு, முப்பத்தைந்து, முப்பத்தைந்து என்று வந்தது. விடுபட்ட அந்த ஒருவர் யார் என்று ரஞ்சி அக்காவை என் கைபேசியிலிருந்து கேட்டோம். அன்றைக்குப் போனைக் கிணற்றுக்குள் போட்டவராம்.

டிலானிக்கு மட்டும் மனக்குறை. "அப்ப என்ர குரலை ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"நான் கேட்டனான்," என்றார் ரீச்சர். "இண்டையோட அஞ்சு முறையும் கடைசி மட்டும் கேட்டனான்."

நாலரைக்கு மதிப்பெண்ணைத் திருத்தி அனுப்பினேன். முப்பதுக்கு இருபத்தெட்டு. சந்திக்குப் போய்ப் பாராததற்கு இரண்டு குறைத்தேன். அதே குற்றம் எனக்கும் உண்டுதான், ஆனால் எனக்கு மதிப்பெண் போட அங்கே ஆளில்லை.

புதன், காலை ஏழு. போட்டி முடிவு சொல்லும் விழாவுக்கு எல்லோருமாகக் கிளிநொச்சிக்குப் பஸ். முறிகண்டியில் வழக்கப்படி பஸ் நின்றது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, ஆளுக்கொரு கடதாசிச் சரையில் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். நிரோசன் ஒரு தேங்காயும் உடைத்தான். மூன்று தேங்காய் நேர்ந்ததாகவும் மிச்சம் இரண்டையும் முதலிடம் கிடைத்தால் திரும்பும்போது உடைப்பதாகவும் சொன்னான். பிள்ளையாரிடமே கடன் சொல்லுகிற துணிவு.

அந்த இரண்டு தேங்காயும் தப்பின. முதலிடம் புதுக்குடியிருப்புக் குழுவுக்கு. கடற்றொழிலாளர் வீட்டுப் பெண்கள் மூவர், கடலுக்குப் போன படகு ஒவ்வொன்றும் கரை திரும்பியதா என்று பதிந்து, திரும்பாததைச் சங்கத்துக்கு அறிவிக்கும் முறையைச் செய்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு விடியலும் கரையில் நின்று சோதித்திருந்தார்கள். நியாயமான தீர்ப்பு. மல்லாவிக்கு இரண்டாமிடம். கொழும்பில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு முதலிடத்தார் மட்டுமே போவார்கள்.

கஜானிக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. சான்றிதழை ரீச்சரிடம் கொடுத்துவிட்டு, விழாவுக்கு வந்திருந்த சபை அலுவலரிடம் நேரே போனாள். கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை, கேட்காமலே பேசியது. சந்தியில் குடங்கள் நின்றதையும் வெட்டிய கணக்கையும் ரஞ்சி அக்காவின் தையல் வேலையையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "பார்ப்பம் பிள்ளை," என்றார். நம்மவர் வாயில் அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டென்று வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விடைபெறும்போது டிலானி என் எண்ணைக் கேட்டாள். "லிஸ்டில முப்பத்தேழாவதாப் போடுறன், மிஸ். மணி அடிச்சா, ஓடுதெண்டு விளங்கும்."

"எடுத்தா?"

"எடுக்காதேங்கோ!" என்று மூவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

வியாழன் காலை கிளிநொச்சியில் ரயில் ஏறினேன். பையில் கச்சான் மட்டும் மூன்று கிலோ, பணம் வாங்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. மாங்குளம் கடந்து போகும்போது இந்த முறை தூங்கவில்லை. மேற்கே போகிற பாதையைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பிழை பிடிக்கப் போனவளைத் தன் பிழையோடு, அதுவும் மரியாதையாக, திருப்பி அனுப்பிய ஊர் அது. நன்றி என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

வெள்ளவத்தையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்காக நான் ஒரு நாளும் ஓடியதில்லை. வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு, அலுவலகக் கூட்டத்தின் நடுவில், மணி அடித்தது. வெட்டினேன். போட்டிச் சூட்டில் முதல் கிழமை எல்லாம் ஓடும் என்று என் சோதனைப் புத்தி சொன்னது. அடுத்த செவ்வாயும் அடித்தது, வெள்ளியும் அடித்தது. நான்கு கிழமை பிசகவில்லை. அலுவலரின் 'பார்ப்பம்', உண்மையாகவே பார்த்த பார்ப்பமாகிவிட்டது என்று ரீச்சர் எழுதியிருந்தார். இந்த வருட வெயில் காலம் முடியுமட்டும் போன் பவுசரில் இருக்கலாமாம்.

ஐந்தாம் கிழமை செவ்வாய் மணி அடிக்கவில்லை. பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு. கைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். மனம் மாறிக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். தையல் நிலையத்தில் காலியான ஒரு கதிரையையும் நினைத்தேன். பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பொறுக்க முடியாமல் ரஞ்சி அக்காவை அழைத்தேன்.

இரண்டாவது மணியில் அவர் வெட்டினார்.

ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரே திருப்பி அழைத்தார், தன் காசில். முதலில் கேட்டது குரல் அல்ல. தகரக் கூரையில் மழை, அதற்கடியில் நாலைந்து தையல் இயந்திரங்கள்.

"மிஸ், இஞ்ச மூண்டு நாளா மழை. கிணறெல்லாம் ஊறீற்று, பவுசர் தேவையில்லை. நான் தையலிலதான் நிக்கிறன்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"சரி, வையுங்கோ, காசு போகுது," என்று சொல்லி அவரே வைத்துவிட்டார்.